பூனைக்காலியும் மூளையின் வாசலும்: சேப்பாக்கம், 1937

1937-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் நான்கே பக்கத்தில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர். முகவரி: பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகம், சேப்பாக்கம், மெட்ராஸ். பூனைக்காலி விதையிலிருந்து ஒரு அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்ததைப் பற்றிய கட்டுரை அது. அமினோ அமிலத்தின் பெயர் எல்-டோபா.

பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் வீட்டில் அந்தப் பெயரை வேறு வடிவத்தில் பார்த்திருப்பீர்கள். 'லெவோடோபா' என்று மாத்திரை அட்டையில் அச்சடித்திருக்கும். அதேதான் இது. கை நடுக்கம், உடல் இறுக்கம், நடை சுருங்கிப்போவது ஆகிய எல்லாவற்றுக்கும் இன்றுவரை முதல் மருந்து இதுதான்.

நான் இருக்கும் அபிராமபுரத்திலிருந்து சேப்பாக்கம் ஒன்றும் தூரமில்லை. மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம். எதிர்த்திசையில் போகவும் வேண்டாம், மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் பூனைக்காலி விதையும் கிடைக்கும், பொடியும் கிடைக்கும். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, இந்த விஷயத்தைச் சுற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்று, "நம்ம ஊர்ல கண்டுபிடிச்சாங்க, பேரு மட்டும் வெள்ளைக்காரன் வாங்கிட்டான்" என்பது. இன்னொன்று, "நம் முன்னோருக்கு இதெல்லாம் அப்பவே தெரியும், மாத்திரை எதுக்கு, பொடியே போதும்" என்பது. முதல் கதையால் பெரிய கெடுதல் இல்லை, கொஞ்சம் வீண் வருத்தம், அவ்வளவுதான். இரண்டாவதால் நோயாளிக்கு ஆபத்து உண்டு.

இரண்டு கதைகளும் ஒரே இடத்தில்தான் இடறுகின்றன. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பதை இரண்டும் மறந்துவிடுகின்றன. அந்தத் தடுப்பின் வரலாற்றையும் இந்த விதையின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் என்ன நடந்தது என்பது புரியும்.

சாயம் ஏறாத உறுப்பு

1885-இல் ஜெர்மனியில் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயங்களைச் செலுத்திப் பார்த்தார். ஈரல், சிறுநீரகம், தசை என்று எல்லாவற்றிலும் சாயம் ஏறியது. மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைத் திசு சாயத்தைப் பிடித்துக்கொள்வதில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

அவரிடம் வேலை பார்த்த எட்வின் கோல்ட்மன் 1913-இல் சோதனையைத் தலைகீழாகச் செய்தார். டிரிப்பன் நீலம் என்ற சாயத்தை ரத்தத்தில் விடாமல், மூளையைச் சுற்றியுள்ள தண்டுவட நீரிலேயே விட்டார். இப்போது மூளை நீலமாகியது, உடம்பின் மற்ற பாகங்கள் ஆகவில்லை. ஆக, மூளை சாயத்தை மறுக்கவில்லை. ரத்தத்திலிருந்து அங்கே போகும் வழியில்தான் ஏதோ தடுக்கிறது. 1921-இல் ஜெனீவாவில் லினா ஸ்டெர்ன் அதற்கு ரத்த-மூளைத் தடுப்பு என்ற பெயரைப் பிரெஞ்சு மொழியில் கொடுத்தார்.

தடுப்பு என்றால் மூளையைச் சுற்றி எழுப்பிய மதில் என்று நினைத்துவிட வேண்டாம். அது மூளைக்குள்ளே ஓடும் ஒவ்வொரு நுண்ணிய ரத்தக் குழாயின் சுவரிலும் இருக்கிறது. உடம்பின் மற்ற இடங்களில் இந்தக் குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே சிறு சந்துகள் உண்டு. மூளையில் அந்தச் சந்துகளை இறுக்கித் தைத்ததுபோல் மூடியிருக்கிறது. ஒரு மனித மூளையில் உள்ள இந்தக் குழாய்களை நீட்டி வைத்தால் சுமார் 600 கிலோமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய சென்னையிலிருந்து திருநெல்வேலி. அத்தனை தூரமும் காவல்.

இந்தத் தையலைக் கண்ணால் பார்த்தது 1967-இல்தான். ஹார்வர்டில் தாமஸ் ரீஸும் மோரிஸ் கார்னோவ்ஸ்கியும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைக் காட்டினார்கள். 1913, 1967 என்ற இரண்டு ஆண்டுகளையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விதையின் கதையிலும் இதே ஆண்டுகள் வரும்.

அவரை முதலில், பூனைக்காலி பிறகு

நம்மவர்கள் பலருக்குக் கசப்பான ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்-டோபாவை முதலில் பிரித்தெடுத்தது சேப்பாக்கத்தில் இல்லை. 1913-இல், கோல்ட்மன் நீலச் சாயத்தோடு இருந்த அதே ஆண்டில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் மார்க்கஸ் குகன்ஹைம் என்ற வேதியியலாளர் ஐரோப்பிய அவரை வகை ஒன்றிலிருந்து அதைப் பிரித்தார். என்ன செய்கிறது என்று பார்க்க இரண்டரை கிராமைத் தானே விழுங்கினார். கடுமையான வாந்தி. பெரிய பயன் ஒன்றுமில்லாத பொருள் என்று அது ஓரமாகப் போய்விட்டது.

அப்போ தாமோதரன் ஏன் அதைத் தேடினார்? அவர் அமினோ அமிலங்களில் ஊறியவர். லண்டனில் சிப்னாலின் ஆய்வகத்தில் இருந்தபோது, புரதங்களை நொதிகளால் மெல்லச் சிதைத்து அவற்றுக்குள் இருக்கும் அஸ்பராஜின், குளூட்டமின் போன்றவற்றை உருக்குலையாமல் எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர். 1932-இல் வந்த வேலை அது. மெட்ராஸ் திரும்பியபிறகு நம் ஊர் விதைகளையும் பயறுகளையும் அதே கண்ணோடு பார்த்திருக்கிறார். பூனைக்காலியில் டோபா ஏராளம். வகையையும் விளைந்த மண்ணையும் பொறுத்து, நூறு கிராம் விதையில் நாலைந்து கிராம்கூட இருக்கும். தாவர உலகில் இது பெரிய அளவு.

ஆனால் அந்த நான்கு பக்கத்தில் மூளை என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்திருக்கவும் முடியாது. டோபாவை டோபமீனாக மாற்றும் நொதியை ஜெர்மனியில் பீட்டர் ஹோல்ட்ஸ் கண்டுபிடித்ததே 1938-இல், அதாவது ஒரு வருடம் கழித்து. மூளைக்குள் டோபமீன் என்று ஒன்று இருப்பது தெரிந்தது 1957-இல். அதற்கும் பார்க்கின்சனுக்கும் சம்பந்தம் தெரிந்தது 1960-இல். சேப்பாக்கத்தில் கையில் சாவி இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், பூட்டு எங்கே இருக்கிறது என்று உலகில் யாருக்குமே அன்றைக்குத் தெரியாது.

இன்னொரு இந்தியச் செடி

பூட்டைக் காட்டியதிலும் ஒரு இந்திய மூலிகைக்குப் பங்கு உண்டு, அது சர்ப்பகந்தி. அதன் வேரிலிருந்து 1952-இல் பாசலின் சீபா நிறுவனம் ரெசர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தது. ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் கொடுத்தார்கள். அதை வாங்கிய நோயாளிகள் சிலருக்குப் பார்க்கின்சன் போலவே உடல் இறுகியது.

1957-இல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி அசையாமல் கிடந்தன. பிறகு டோபாவை ஊசியில் ஏற்றினார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து ஓடின. 1960-இல் வியன்னாவில் ஹெர்பர்ட் எஹ்ரிங்கரும் ஓலே ஹோர்னிகீவிச்சும் பார்க்கின்சனால் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, அதன் அடிப்பகுதியில் டோபமீன் பெருமளவு குறைந்திருப்பதைக் கண்டார்கள்.

டோபமீன் இல்லை என்றால் டோபமீனையே ஊசியில் போட்டுவிட வேண்டியதுதானே? இங்கேதான் தடுப்பு குறுக்கே வருகிறது. டோபமீன் ரத்தத்தில் எவ்வளவு ஓடினாலும் மூளைக்குள் நுழையாது. இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், மூளை காய்ந்துகிடக்கும்.

டோபா நுழையும். ஏன்? மூளைக்கும் சாப்பாடு வேண்டும். டைரோசின், லியூசின் போன்ற அமினோ அமிலங்கள் இல்லாமல் அது பிழைக்காது. அவற்றை உள்ளே கொண்டுபோக அந்த மூடிய சுவரிலேயே தனி வாசல்கள் இருக்கின்றன, சுமந்துபோகும் புரதங்களும் இருக்கின்றன. டோபா பார்ப்பதற்கு டைரோசினின் உடன்பிறப்பு மாதிரி. வாசலில் இருப்பவர் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. உள்ளே வந்ததும் ஹோல்ட்ஸ் கண்ட நொதி அதன் ஒரு துண்டை வெட்டிவிடுகிறது. மிஞ்சுவது டோபமீன். மருந்தை மூளைக்குள் கொண்டுபோவது பற்றி இன்று நடக்கும் ஆராய்ச்சி முழுவதற்கும் இதுதான் பாடப்புத்தக உதாரணம்: சுவரை இடிக்காதே, உள்ளே விடுகிற ஆளின் வேஷத்தில் போ.

அப்போது மெட்ராஸில்

1961-இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச்சும் வால்டர் பிர்க்மயரும் நோயாளிகளுக்கு எல்-டோபாவை ஊசியில் போட்டார்கள். எழ முடியாதவர்கள் எழுந்தார்கள். ஆனால் அது சில மணி நேரம்தான் தாங்கியது. மற்ற இடங்களில் செய்து பார்த்தவர்களில் பலர் பலன் இல்லை என்று சொன்னார்கள்.

அந்த வருடங்களில் மெட்ராஸ் பார்க்கின்சன் நோயாளிக்கு என்ன வழி இருந்தது? சென்ட்ரல் எதிரே இருக்கும் பொது மருத்துவமனையில் 1950-இல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. 1960களில் அவரும் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி. எஸ். கனகா ஆகியோரும் சேர்ந்து ஸ்டீரியோடாக்டிக் அறுவையை இங்கே வளர்த்தார்கள். மண்டையில் சிறு துளை போட்டு, கணக்கிட்டு வைத்த இடத்துக்கு மெல்லிய கருவியைச் செலுத்தி, நடுக்கத்துக்குக் காரணமான ஒரு சிறு புள்ளியை அழிப்பது. நோயாளி விழித்துக்கொண்டே இருப்பார். சரியான புள்ளி கிடைத்தால் எதிர்ப்பக்கக் கையின் நடுக்கம் மேசையிலேயே நின்றுவிடும்.

இதைப் பின்தங்கிய சிகிச்சை என்று நினைத்தால் தவறு. நியூயார்க்கிலும் அன்றைக்கு இதுதான் உச்சம். ஆனாலும் ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. அந்த அறுவை அரங்கிலிருந்து சேப்பாக்கம் ஆய்வகம் மூன்று கிலோமீட்டர்தான். மண்டையைத் துளைக்காமல் உள்ளே போகும் பொருள் அங்கே படிகமாகி கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. வேதியியல்காரர்களும் மருத்துவர்களும் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. இடையே ஸ்வீடன் முயல்கள் வேண்டும், வியன்னா பிரேதப் பரிசோதனைகள் வேண்டும், அவை இரண்டும் இருந்தும்கூட அளவு தெரிய வேண்டும்.

அந்த அளவைக் கண்டவர் ஜார்ஜ் கோட்சியாஸ். கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1967-இல் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது: கொஞ்சம் கொடுத்துப் பார்த்து விட்டுவிடாதே. மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாந்தி வராதபடி வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டு. ஒரு நாளைக்கு 16 கிராம் வரைகூடப் போனார். நடக்க முடியாதவர்கள் நடந்தார்கள். குகன்ஹைமின் வாந்திக்கு 54 வருடம் கழித்துப் பதில் கிடைத்தது. ரீஸும் கார்னோவ்ஸ்கியும் சுவரின் தையலைப் பார்த்த அதே ஆண்டு இது.

கோட்சியாஸ் முதலில் கொடுத்தது ஆய்வகத்தில் செய்த கலப்படம். இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் பாதிக்குப் பாதி. வலக்கை வடிவத்தால் பலன் இல்லை, தொல்லைதான். பூனைக்காலி இந்தக் குழப்பமே இல்லாமல் இடக்கை வடிவத்தை மட்டும் செய்கிறது. பெயரில் உள்ள 'எல்' அதைத்தான் குறிக்கிறது. தொழிற்சாலையில் அதை மட்டும் செய்யும் வழியைக் கண்ட வில்லியம் நோல்ஸுக்கு 2001-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம் கார்ல்சனுக்கு மருத்துவ நோபல். ஹோர்னிகீவிச்சுக்குக் கிடைக்கவில்லை. யாருக்குப் பெயர் போகவில்லை என்று வருத்தப்பட வேண்டுமானால் வரிசையில் முதலில் அவரை வையுங்கள்.

சுவரே துணை

ஏன் அத்தனை கிராம் தேவைப்பட்டது? டோபாவை வெட்டும் நொதி மூளைக்குள் மட்டும் இல்லை. குடலில், ஈரலில், ரத்தக் குழாய்ச் சுவர்களில் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. வாசலுக்கு வரும் முன்பே டோபா டோபமீனாகிவிடுகிறது, டோபமீனுக்கு அனுமதி இல்லை. விழுங்கியதில் நூறில் ஒரு பங்கு மூளைக்குப் போனால் பெரிது. வெளியே தங்கும் மிச்சம்தான் வாந்தி.

தீர்வு அழகானது. அந்த நொதியைத் தடுக்கும் கார்பிடோபா என்ற பொருளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கார்பிடோபாவால் மூளைக்குள் போக முடியாது. அதனால் வெளியே மட்டும் நொதி அடங்குகிறது, உள்ளே அது வழக்கம்போல வேலை செய்கிறது. இத்தனை நாள் எதிரியாக இருந்த சுவர் இங்கே உதவிக்கு வந்தது. தேவைப்பட்ட அளவு ஏறக்குறைய நாலில் ஒன்றாகக் குறைந்தது. இன்று நம் வீடுகளில் இருக்கும் சின்டோபா போன்ற மாத்திரைகள் இந்த இரண்டும் சேர்ந்தவைதான்.

பொடி விஷயம்

சரி, பொடிக்கு வருவோம். அது வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பம்பாயில் 1978-இலேயே பூனைக்காலி விதையைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டிருக்கிறார்கள். 2004-இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் செய்த சோதனையில், 30 கிராம் பொடி வழக்கமான மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது, கொஞ்சம் கூடுதல் நேரமும் தாங்கியது. ஆனால் அது அளந்து வைத்த, டோபா எவ்வளவு என்று தெரிந்த பொடி. பின்னால், 16 வாரம் தொடர்ந்து கொடுத்த ஒரு சோதனையில் 14 பேரில் 7 பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சிலருக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, சிலருக்கு நடமாட்டம் மோசமானது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான்: விதையில் கார்பிடோபா கிடையாது.

முன்னோர் அறிவு என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. பழைய மருத்துவ நூல்களில் பூனைக்காலி பெரும்பாலும் ஆண்மைக்கும் வாதத்துக்கும் வருகிறது. இந்த விதையை உண்மையிலேயே நெருக்கமாக அறிந்தவர்கள் இன்னொரு கூட்டம், மேற்குத் தொடர்ச்சி மலையின் காணிக்காரர்கள். அவர்கள் இதை உணவாகவே சாப்பிடுகிறவர்கள். எப்படி? பலமுறை அவித்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு. அந்தத் தண்ணீரோடுதான் டோபா போகிறது. ஆக, அவர்களுடைய அறிவு டோபாவை வெளியேற்றும் அறிவு!

அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1989-இல் மொசாம்பிக்கில் பார்த்தார்கள். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் இருந்த பகுதியில் மக்கள் இந்த விதையைச் சாப்பிட்டார்கள். அவித்த நீரைக் கொட்டவில்லை. இருநூறு பேர் அளவில் திடீர் மனக்குழப்பத்தோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். விதையில் இருப்பது சுவரைத் தாண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தாண்டுகிற பொருளை அளவு தெரியாமல் சாப்பிடக் கூடாது என்பதற்கும் இதுவே சாட்சி.

நடைமுறையில் இரண்டு செய்திகள். வீட்டில் யாராவது லெவோடோபா மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியும் சாப்பிட்டால், அதை நரம்பியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே மருந்துதான். மாத்திரையின் கார்பிடோபா பொடியின் டோபாவையும் சேர்த்து உள்ளே அனுப்பும், அளவு எகிறும், உடம்பு தானாக வளைந்து நெளியும் தொல்லை வரலாம். இரண்டாவது, "மத்தியானம் மாத்திரை வேலையே செய்யலை" என்று பெரியவர்கள் சொன்னால் என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பருப்பு, தயிர், முட்டை எல்லாம் அமினோ அமிலங்களாகி அதே வாசலில் வரிசையில் நிற்கும். கூட்டத்தில் டோபாவுக்கு இடம் கிடைக்காது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை என்று மருத்துவர் சொல்வது இதனால்தான்.

டோபா போன வாசல் வழியே இப்போது வேறு மருந்துகளும் போகின்றன. நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் கபாபென்டின் அதில் ஒன்று. பெரிய புரத மருந்துகளுக்கு இந்த வாசல் போதாது. அவற்றை, மூளைக்கு இரும்புச்சத்து கொண்டுபோகும் வேறொரு வாசலில் ஒட்டவைத்து அனுப்புகிறார்கள். ஹன்டர் நோய் என்ற அரிய பிறவிக் குறைபாட்டுக்கு அப்படி ஒரு மருந்து 2021-இல் ஜப்பானில் அனுமதி பெற்றது.

தாமோதரனும் ராமசாமியும் பார்க்கின்சனுக்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாட்டு விதைக்குள் என்ன இருக்கிறது என்று சுத்தமாகப் பிரித்து, அளந்து, எழுதி வைத்தார்கள். பம்பாயிலும் லண்டனிலும் பின்னால் வந்தவர்கள் இந்த விதையை எடுத்தபோது, உள்ளே இருப்பது என்ன என்ற கேள்விக்கு 1937-இலேயே பதில் இருந்தது. அந்தப் பாராட்டு அவர்களுக்குப் போதுமானது, உண்மையானதும்கூட.

சர்ப்பகந்தியை ஒரு பத்தியில் முடித்துவிட்டேன். அது தனிக் கதை, அடுத்த பதிவில்.